தக்காளி மேட்டுக்கு எதிராக ஒரு சங்கம்

லெட்டர்பேட் கட்டு வந்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தர்மபுரி அச்சகத்தில் அடித்து, பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, ஒரு மூலையில் டீசல் கறையோடு அது கோவிந்தசாமி ஐயா வீட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தது. சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் அதைச் சுற்றி நின்றோம்.

ஐயா ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பேனாக்கத்தியால் சணலை அறுத்தார். புது அச்சு மையின் வாசனை வந்தது. சன்னல் வழியாக அழுகிய தக்காளியின் வாசனை ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. இரண்டும் கலந்த அந்த நாற்றத்தை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

மேல் தாளை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உரக்க வாசித்தார்.

"அன்னை நகர் குடித்திருப்போர் நல முன்னேற்றச் சங்கம்."

ஐயா இன்னொரு முறை மனதுக்குள் வாசித்தார். பிறகு தாளைச் செயலாளர் அந்தோணிசாமி வாத்தியாரிடம் நீட்டினார். வாத்தியார் என்னிடம் நீட்டினார்.

"யி வர வேண்டிய இடத்துல த்தி போட்டுட்டாங்கய்யா" என்றேன்.

"ஐந்நூறு தாளுமா?"

கட்டைப் பிரித்துப் பார்த்தோம். ஐந்நூறும் குடித்துத்தான் இருந்தன.

திருப்பி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றார் வாத்தியார். பேனாவால் அடித்து மேலே எழுதிக்கொள்ளலாம் என்றேன் நான். ஐயா கண்ணை மூடி யோசித்தார்.

"அடிக்கலாம்மா. ஆனா அடிச்ச இடத்துல எல்லாம் நான் சுருக்கொப்பம் போடணும். திருத்துன தாள்ல சுருக்கொப்பம் இல்லாட்டி செல்லாதுங்க."

நான்கு நாள் உட்கார்ந்து ஐந்நூறு சுருக்கொப்பம் போட்டார். தெருக்கோடியில் தக்காளி அதுபாட்டுக்கு அழுகிக்கொண்டிருந்தது.

ஊரின் பெயரைக் கேட்காதீர்கள்

இந்தத் தொடரில் இதுவரை எந்த ஊரின் பெயரையும் நான் ஒளித்ததில்லை. இந்த வாரம் ஒளிக்கிறேன். தர்மபுரி மாவட்டம் என்பதுவரை சொல்லலாம். பாலக்கோட்டுக்கு அடிக்கடி பஸ் உண்டு. பென்னாகரத்துக்கு டிரைவர் மனசு வைத்தால் உண்டு. அதற்குமேல் சொன்னால் ஆபத்து. இந்தக் கதையில் வருகிறவர்களில் சிலர் இன்றும் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார்கள். மனு எழுதிப் பழகிய கைகள். ஆசிரியருக்குக் கடிதம் எழுத அவர்களுக்கு எவ்வளவு நேரமாகும்?

எண்பதுகளின் நடுவில், ஊருக்குக் கிழக்கே ஒரு கேழ்வரகுக் காட்டை மனை போட்டு விற்றார்கள். விற்றவர் கெட்டிக்காரர். அன்னை நகர் என்று பெயர் வைத்தார். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்கள் அது மாதாவின் பெயர் என்று நினைத்து வாங்கினோம். மற்றவர்கள் அம்மன் பெயர் என்று நினைத்து வாங்கினார்கள். இரண்டு பக்கமும் இன்றுவரை அவரவர் நினைப்பில் திருப்தியாக இருக்கிறோம்.

எல்லோருமே காட்டையும் மாட்டையும் ஒரு தலைமுறைக்கு முன் விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள். அப்பா தபால்காரர். நான் சைக்கிள் கடை மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தேன். ஊரில் என் பெயர் ஸ்டெல்லா என்பது சர்ச் ரெஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் நான் 'டைப்பு டீச்சர்'.

எங்கள் தமிழ் மிஷினில் 'ஐ' எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அதனால் நான் அடித்த மனுக்களெல்லாம் 'அய்யா' என்றே தொடங்கின. ஒரு அலுவலகத்தில் தாளைப் பார்த்துவிட்டு, "நீங்க எந்தக் கட்சிங்க?" என்று கேட்டார்கள். எழுத்து தேய்ந்த கட்சி என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

நகர் என்றால் வாசகர்கள் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். இருபத்தேழு வீடு, ஒரே தெரு. தெருவின் கடைசியில் எல்லைக் கல். கல்லுக்கு அந்தப் பக்கம் புறம்போக்குப் பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தக்காளி மண்டியின் பின்சுவர்.

விலை விழும் பருவத்தில், விற்காத தக்காளியையும் தரம் பிரித்துக் கழித்த தக்காளியையும் மண்டிக்காரர்கள் அந்தச் சுவருக்கு வெளியே கொட்டினார்கள். பள்ளம் நிரம்பி மேடானது. மேட்டிலிருந்து சிவப்பாக ஒரு தண்ணீர் கசிந்து எங்கள் தெருவுக்கு வந்தது. மாட்டுக்குளம்பும் சைக்கிள் டயரும் அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. ஈ என்றால் சாதாரண ஈ இல்லை. சோற்றில் கையை வைத்தால் கையோடு சேர்ந்து நாலு ஈ வாய்க்கு வரும். அம்மா ஒரு கையால் பரிமாறி இன்னொரு கையால் விசிறினாள். பன்றிகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை. குடும்பத்தோடு வந்தன.

எல்லோருக்கும் ஒரு பதவி

சங்கம் வேண்டும் என்று முதலில் சொன்னவர் கோவிந்தசாமி ஐயாதான். முதல் கூட்டம் அவர் வீட்டு மாமரத்தடியில் நடந்தது. இரண்டரை மணி நேரம் பேசினோம். அதில் தக்காளியைப் பற்றிப் பேசியது கடைசிக் கால்மணி நேரம். மிச்சமெல்லாம் பதவி.

ஐயா தலைவர். கத்தோலிக்கப் பக்கத்துக்கு ஈடு வேண்டுமே என்று அந்தோணிசாமி வாத்தியார் செயலாளர். பிறகு துணைத்தலைவர் என்றார்கள். கிழக்கு வரிசைக்கு ஒருவர், மேற்கு வரிசைக்கு ஒருவர். மூலை மனைக்காரர் தான் எந்த வரிசையிலும் இல்லை என்று சொன்னதால் மூன்றாவதாக ஒருவர். அமைப்புச் செயலாளர், பிரச்சாரச் செயலாளர், தணிக்கையாளர். கூட்டம் முடியும்போது பதவி இல்லாமல் மிஞ்சியது ஒரே ஒருவர். அவர் பெங்களூரில் வேலை பார்த்தார், கூட்டத்துக்கே வரவில்லை. அவரை கௌரவ ஆலோசகர் ஆக்கினோம்.

நான் இணைச் செயலாளர். பெண்களுக்கும் இடம் தர வேண்டும் என்று ஐயா சொன்னார். டைப் அடிக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்னாடி முடிவாச்சு? எப்ப அள்றாங்களாம்?"

"மொதல்ல லெட்டர்பேட் அடிக்கணுமாம்."

அம்மா விசிறியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கதவு எண்

திருத்தி, சுருக்கொப்பம் போட்டு முடித்த தாளில் முதல் மனுவை அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மை டப்பாவும் தாளும் என் பொறுப்பில் இருந்தன.

கடைசியாகப் பச்சியம்மா வந்தாள். முப்பது வயது இருக்கும். மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் கூலி வேலை. புருஷன் ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். எல்லைக் கல்லுக்கு நாலடி தள்ளி, புறம்போக்கில், தகரம் அடித்த குடிசை. ஐந்து வயதில் செல்வி என்று ஒரு மகள். தக்காளி மேட்டுக்கு மிக அருகில் இருந்த வீடு அதுதான். மேடு சரிந்தால் முதலில் அவள் அடுப்பங்கரைக்குத்தான் வரும்.

"நானும் கைநாட்டு வைக்கிறனுங்க" என்றாள்.

ஐயா கனிவாகத்தான் கேட்டார். "கதவு எண் என்னம்மா?"

"கதவே தகரந்தானுங்க. அதுல எங்க நெம்பரு?"

"கதவு எண் இல்லாம உறுப்பினர் ஆவ முடியாதும்மா. உறுப்பினர் இல்லாதவங்க கையெழுத்து இருந்துச்சுன்னா மனுவையே தள்ளிடுவாங்க. உங்க நல்லதுக்கும் சேர்த்துத்தான் நாங்க எழுதறோம்."

"நாத்தம் எனுக்குத்தானுங்க அதிகமா வருது."

"வருதும்மா. யாரு இல்லைன்னா? ஆனா நீங்க கல்லுக்கு அந்தப் பக்கம்."

பச்சியம்மா என்னைப் பார்த்தாள். கட்டைவிரலை ஏற்கெனவே நீட்டியிருந்தாள். நான் மை டப்பாவின் மூடியை மூடினேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே மூடினேன். நாற்பது வருஷமாக அந்தச் சின்ன 'டிக்' சத்தம் எனக்குக் கேட்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை என்னவென்றால், அன்றைக்கு மதியம் கோழிக்குழம்பு சாப்பிடும்போதே மறந்துவிட்டேன்.

அதிகாரி வந்த வாரம்

மனுக்கள் போயின. ஒன்று பேரூராட்சிக்கு, ஒன்று தர்மபுரிக்கு, ஒன்று மண்டிக்காரர்களுக்கு. பதில்களும் வந்தன. முதல் பதில், மனுவை உரிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறோம் என்றது. உரிய இடத்திலிருந்து வந்த பதில், மனு உரிய இடத்திலிருந்து வரப்பெற்றது என்றது. ஐயா ஒவ்வொன்றையும் துளையிட்டு, நாடா கோத்து ஃபைலில் வைத்தார். ஃபைல் தடிக்கத் தடிக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வேலையில் இருந்தபோது பார்த்ததைவிட இப்போது இளமையாக இருக்கிறார் என்று அவர் வீட்டம்மாவே அம்மாவிடம் சொன்னார்.

கடைசியில் நேராய்வுக்கு ஒரு அதிகாரி வருகிறார் என்று கடிதம் வந்தது. தெருவே தயாரானது. கோலம் போட்டார்கள். கோலம் போட்டால் தெரு சுத்தமாகத் தெரியும் என்று வாத்தியார் பதறி, அதை அழிக்கச் சொன்னார்.

அவர் வந்த வாரம் பெங்களூர்ப் பக்கம் நல்ல மழை. அங்கே வரத்து நின்று, எங்கள் ஊரில் தக்காளி விலை ஏறிவிட்டது. மண்டியில் ஒரு பழம் கழியவில்லை. நசுங்கியதைக்கூடக் கூடையில் கீழே போட்டு விற்றார்கள். பள்ளத்தில் கிடந்ததைப் பன்றிகள் தின்று முடித்திருந்தன. நாலு நாள் வெயிலில் மிச்சமும் காய்ந்துவிட்டது.

ஜீப் எல்லைக் கல்லருகே நின்றது. அதிகாரி இறங்கினார். காய்ந்த மண்ணைப் பார்த்தார்.

"எங்கங்க தக்காளி?"

ஐயா அங்கும் இங்கும் பார்த்தார். "இங்கதாங்க இருந்துச்சு. போன வாரம் வந்திருந்தீங்கன்னா..."

"நான் இந்த வாரந்தானே வந்திருக்கேன்."

துணைத்தலைவர்கள் மூன்று பேரும் புதரை விலக்கித் தேட ஆரம்பித்தார்கள். அன்னை நகரின் வரலாற்றில் ஒரு அழுகிய தக்காளிக்காக அத்தனை பேர் குனிந்தது அன்றுதான். கிழக்கு வரிசைத் துணைத்தலைவரின் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய் இரண்டைக் கொண்டுவந்து கையில் நீட்டினார்.

அதிகாரி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது கொழம்புக்கு வாங்குனது மாதிரி இருக்குதுங்களே."

அம்மணி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஈ இருக்குதுங்களே" என்றார் வாத்தியார், கடைசி முயற்சியாக.

"ஈ எல்லா ஊர்லயும் இருக்குதுங்க."

'புகாரில் கண்டபடி எதுவும் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு அவர் மோர் குடித்துவிட்டுப் போனார். தக்காளி ஏன் கொட்டவில்லை என்று மண்டிக்காரர்கள்மேல் சங்கத்துக்கு அடங்காத கோபம். வேண்டுமென்றேதான் விலையை ஏற்றினார்கள் என்று பிரச்சாரச் செயலாளர் தெருத் தெருவாகச் சொன்னார். தெருத் தெருவாக என்றால், அந்த ஒரு தெருவில்தான்.

செல்வி

பத்தே நாளில் விலை விழுந்தது. இந்த முறை விழுந்தது மாதிரி அதற்கு முன் விழுந்ததில்லை. மேடு எல்லைக் கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. இடையில் ஒருநாள் மழையும் பெய்தது.

ஒரு மதியம் நான் சாப்பிட வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பச்சியம்மா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வேகமாக வந்தாள். குழந்தையின் தலை அவள் முதுகுப் பக்கம் தொங்கியது. கண் பாதி மூடியிருந்தது.

"காத்தாலேருந்து வாந்தியும் பேதியுமா இருக்குது டீச்சர். இப்ப தண்ணிகூட நிக்க மாட்டேங்குது."

என் சைக்கிளின் பின்னால் அவளை உட்காரவைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். வழியில் அவள் குழந்தையின் கன்னத்தை மட்டும் தட்டிக்கொண்டே வந்தாள். செல்வி, செல்வி என்று கூப்பிடவில்லை. தட்டினாள், அவ்வளவுதான். ஒவ்வொரு தட்டுக்கும் குழந்தை முனகியது. ஒரு திருப்பத்தில் முனகல் வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கப் பயந்துகொண்டு இன்னும் வேகமாக மிதித்தேன்.

குளுக்கோஸ் ஏற்றினார்கள். நர்ஸ் கையைத் திருப்பித் திருப்பி நரம்பைத் தேடியது இன்னும் கண்ணில் இருக்கிறது. சாயங்காலம் குழந்தை மூத்திரம் போனபோதுதான் டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா கஷ்டம்மா. வூட்டுப் பக்கம் ஈ அதிகமா?"

பச்சியம்மா ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"யாருகிட்டயாவது சொல்லலாமே."

அவள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னேன். ஐயா உண்மையிலேயே வருத்தப்பட்டார். கண் கலங்கியது. பிறகு, நோய்த்தொற்று என்ற அம்சத்தையும் சேர்த்து நினைவூட்டு மனு ஒன்று தயார் செய்யச் சொன்னார்.

மண்டியில் ஒரு காலை

செல்வி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நான் வழக்கம்போல மண்டி வழியாக இன்ஸ்டிடியூட்டுக்குப் போனேன். ஏதோ குறைவதுபோல இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது, சத்தம் இல்லை. தக்காளி தரம் பிரிக்கிற இடத்தில் எப்போதும் பெண்கள் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அன்றைக்கு நாற்பது பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு குவியல்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸ் லாரி இரண்டு, வாயைத் திறந்தபடி நின்றன.

மண்டிக்காரர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றார்.

"என்னா வேணும் உங்களுக்கு? கூலி ஏத்தணுமா? சொல்லித் தொலைங்க, பேசிக்கலாம்."

பச்சியம்மா உட்கார்ந்தபடியே சொன்னாள். "கூலி கேக்கலைங்க. சுவத்துக்கு அந்தாண்ட கொட்டனதை அள்ளுங்க. அப்புறம் கை வைக்கிறோம்."

மண்டிக்காரருக்கு முதலில் புரியவில்லை. கூலி என்றால் அவருக்குப் பேசத் தெரியும். இதற்கு என்ன பேசுவது?

"அது பேரூராட்சி வேலைம்மா."

"தக்காளி உங்களுதுங்களே."

"உன் ஒருத்தி வூட்டுக்காக இவ்ளோ பேரும் பொழப்பைக் கெடுத்துக்கணுமா?"

பக்கத்தில் இருந்த ஒரு வயதான பெண் பதில் சொன்னாள். "எங்க எல்லாரு வூடும் அந்தப் பக்கந்தாஞ் சாமி. அவ புள்ளைக்கு வந்தது நாளைக்கு என் பேத்திக்கு வரும்."

வெயில் ஏறியது. தக்காளிக்கு வெயிலோடு பேச்சுவார்த்தை நடத்தத் தெரியாது. குவியலின் மேல்பழங்கள் மினுமினுக்க ஆரம்பித்தன. மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் கொண்டுவந்து இறக்கிய விவசாயிகள் பொறுமை இழந்தார்கள். அவர்கள் கோபம் முதலில் பெண்கள்மேல்தான் வந்தது. அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. விலையே இல்லாத நேரத்தில் அதையும் இழப்பதென்றால் யாருக்குப் பொறுக்கும்?

மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த முனியப்பா என்று ஒரு விவசாயி. வீட்டில் கன்னடம், சந்தையில் தமிழ். அவர் பச்சியம்மாவின் எதிரே வந்து குந்தினார்.

"ஏம்மா, என் தக்காளி என்னா பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. எம் பொண்ணு ஆஸ்பத்திரியில கெடந்து வந்துச்சு. அதுவும் ஒண்ணும் பண்ணல."

முனியப்பா எழுந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். மண்டிக்காரரிடம் நேராகப் போனார்.

"இதைக் கொட்டி வச்சிக்கினு நீங்க எப்படிச் சோறு துன்றீங்க? எரு ஆவுங்க இது. எங்கிட்ட டிராக்டர் இருக்குது. ஆள் குடுங்க, நான் என் காட்டுக்கு ஓட்டிக்கினு போறேன்."

"இப்பவா?"

"பின்ன எப்ப? பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார் முனியப்பா.

சுமை தூக்கும் ஆட்களை மண்டிக்காரர் அனுப்பினார். முனியப்பாவின் டிராக்டர் போக இன்னும் ஒரு டிராக்டரும் வந்தது. பதினோரு மணிக்கு முதல் டிரெய்லர் நிறைந்து கிளம்பியது. அது சுவரைத் தாண்டியதும் பச்சியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு குவியலின் முன் உட்கார்ந்து தரம் பிரிக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் பழத்தில் கை வைத்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. மெட்ராஸ் லாரிக்கு நேரமாகிவிட்டிருந்தது.

இரண்டு நாளில் மேடு போய்ப் பள்ளம் மறுபடி பள்ளமானது. அதற்குப்பின் கழிவை வாரத்துக்கு இரண்டு முறை முனியப்பாவும் அவர் பங்காளிகளும் ஓட்டிக்கொண்டு போனார்கள். சுண்ணாம்புத்தூளைக்கூட மண்டிக்காரரே தூவினார். நான் இன்ஸ்டிடியூட்டுக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

தீர்மானம்

இரண்டு வாரம் கழித்து தர்மபுரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் மனுவில் கண்ட குறைபாடு களையப்பட்டுள்ளது என அறியப்படுகிறது. கோப்பு முடிக்கப்படுகிறது.'

ஐயா அதை மாமரத்தடியில் மூன்று முறை வாசித்தார். பாராட்டுக் கூட்டம் நடந்தது. தலைவருக்குச் செயலாளர் சால்வை போட்டார். செயலாளருக்குத் தலைவர் போட்டார். துணைத்தலைவர்கள் வரிசைப்படி போட்டுக்கொண்டார்கள்.

தீர்மானத்தை ஐயா சொல்லச் சொல்ல நான் அடித்திருந்தேன். கூட்டத்தில் அதை வாசித்ததும் நானே. 'சங்கத்தின் அயராத தொடர் முயற்சியாலும், சட்டப்பூர்வமான நடவடிக்கைகளாலும் தக்காளிக் கழிவுப் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டது.' அடித்துக்கொண்டிருந்தபோது, மண்டிப் பெண்களையும் ஒரு வரி சேர்க்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன்தான். "வேலைநிறுத்தம்னு நம்ம மினிட்ல வரக்கூடாதும்மா. நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க" என்றார். எந்த ஆடிட்? கேட்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது பச்சியம்மா வேலிக்கு வெளியே செல்வியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

மறுநாள் அவள் மாடிப்படி ஏறி இன்ஸ்டிடியூட்டுக்கே வந்தாள். ஏச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"நேத்து நீங்க படிச்சதக் கேட்டன் டீச்சர்."

"அக்கா, அது வந்து..."

"அது கெடக்குதுங்க. எனக்கு ஒரு மனு அடிச்சுக் குடுங்க. கதவு நெம்பரு வேணும். ரேஷன் கார்டு கேட்டாலும் அதான் கேக்கறாங்க, பள்ளிக்கூடத்துல புள்ளையைச் சேக்கப் போனாலும் அதான் கேக்கறாங்க."

அன்றைக்கே அடித்தேன். சங்கத்துத் தாளில் இல்லை, வெறும் தாளில். கைநாட்டு வாங்கும்போது அவள் கட்டைவிரலை நானே பிடித்து மையில் ஒற்றினேன். தக்காளிச் சாறு பட்டுப் பட்டு ரேகையே மழுங்கியிருந்தது. மூன்றாவது தடவைதான் தெளிவாக விழுந்தது. இருவரும் பேரூராட்சி அலுவலகத்துக்கு நடந்தோம். இன்றைக்கு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் போனோம். ஏழெட்டு மாதம் போயிருப்போம். சில நாள் அவள் அரைநாள் கூலியை விட்டாள், சில நாள் நான் வகுப்பை விட்டேன். இணைச் செயலாளர் பதவியை எப்போது விட்டேன் என்று சரியாக நினைவில்லை. கூட்டத்துக்குப் போகாமல் நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

கடைசியில் ஒருநாள் ஒரு ஆள் வந்து தகரக் கதவில் நீலப் பெயின்டில் நெம்பர் எழுதிவிட்டுப் போனான். பச்சியம்மா அதை என்னை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். செல்வியை அழைத்து அதன்மேல் விரல் வைக்கச் சொன்னாள். பெயின்ட் காயவில்லை. குழந்தையின் விரல் நீலமானது.

அந்த வருஷக் கடைசியில் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. வாத்தியார் தலைவர் பதவிக்குப் போட்டியிட, கத்தோலிக்கப் பக்கம், மற்றப் பக்கம் என்று ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து நின்றது. இன்னும் ஒரு ஓட்டு யாருக்கு விழுகிறதோ அவர் தலைவர். நான் செல்விக்கு அ, ஆ எழுதிக்காட்டிக்கொண்டு அந்தக் குடிசையில் உட்கார்ந்திருந்த சாயங்காலம், கோவிந்தசாமி ஐயா எல்லைக் கல்லைத் தாண்டி வந்தார். கையில் உறுப்பினர் படிவம்.

"இப்ப உங்களுக்குக் கதவு எண் வந்துடுச்சும்மா. முறைப்படி நீங்களும் சேரலாம். நானே நேர்ல சொல்லலாம்னு வந்தேன்."

பச்சியம்மா எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். "சேந்தா நான் என்னாங்க பண்ணணும்?"

"மாசம் ஒரு கூட்டம் வரணும். குறை ஏதாவது இருந்தா எல்லாருமா சேர்ந்து மனு எழுதுவோம்."

"பதில் வருங்களா?"

"கண்டிப்பா வரும்மா. எல்லாத்துக்கும் பதில் வந்திருக்குது. ஃபைலைக் காட்டட்டுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் லாரி ஹாரன் அடித்தது. அவள் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க நல்லவருங்க, ஐயா. நீங்களே எழுதுங்க. எனக்கு லோடு வந்துடுச்சு."